உறையில் இல்லாத தமிழ்

முகப்பருவுக்கு டொக்சிசைக்ளின் எடுக்கும் பதுளைத் தோட்டத்து இளைஞர்களுக்குக் கிடைக்கும் ஒரே உபதேசம், “குளிசை போட்டால் குடிக்காதே” என்பதுதான். பலர் அதை அச்சொட்டாகப் பின்பற்றுகிறார்கள்: சம்பள நாளில் குளிசையை விட்டுவிட்டுக் குடிக்கிறார்கள்!

நான் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. குடியோடு சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாமென எச்சரிக்கப்படும் மெட்ரோனிடசோலையும் டொக்சிசைக்ளினையும் ஒரே தடைக்குள் அடைக்கும் சோம்பலையே சாடுகிறேன். டொக்சிசைக்ளின் எடுப்பவர் ஒருநாள் அளவாகக் குடித்தால் பேராபத்து நேர்வதாகச் சான்றில்லை. நாள்தோறும் மிதமிஞ்சிக் குடிப்பவரின் ஈரலோ அம்மருந்தை விரைவில் அகற்றிவிடும். (கசிப்பின் கதை வேறு, அதில் என்ன கலந்ததென்று காய்ச்சியவனுக்கே தெரியாது.) வாரக்கணக்கில் எடுக்கவேண்டியதை இடையிடையே விட்டால் பருவும் ஆறாது.

இன்னொன்று: நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருக்க வேண்டும், இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். வெறியில் ஒரு மிடறோடு விழுங்கிச் சாய்பவனுக்கு இதை யார் சொன்னது? பல உறைகளில் இருப்பது ஆங்கிலக் கிறுக்கல். தமிழ் 1987 இல் அரசகரும மொழியானது. மருந்துக் கொள்கையால் உலகறிந்த பேராசிரியர் சேனக பிபிலே பிறந்த ஊவாவிலேயே இந்த நிலை. தமிழில் நான்கு வரி எழுத மருந்தகங்களுக்கு என்ன தடை?