பாசம் மட்டும் போதுமா?

“பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன், இதில் அரசுக்கு என்ன வேலை?” என வினவுவோர் நம்மிடையே இன்றும் உளர். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் ஏறத்தாழ இம்மனப்பாங்கிலிருந்தே பிறந்தது. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்கிறது. பராமரிப்புப் பணம் கோரி முறையிடச் சபையொன்றையும் அமைக்கிறது. பணம் கிடைத்ததா என்பதைச் சபை விசாரிக்கலாம். முதுகிற் புண் ஆறியதா என்பதை விசாரிப்பவர் யார்?

சீனன்குடாவையே எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் அங்கு அமைத்த 99 எண்ணெய்த் தாங்கிகளும் 2022 சனவரியில் 14, 24, 61 எனப் பிரிக்கப்பட்டு ஒப்பந்தங்கள் கைச்சாத்தாயின. துருவேறிய தாங்கிகூடக் கணக்கிலிருந்து தப்பவில்லை. அவற்றுக்கு அப்பாலுள்ள வீடுகளிற் பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடப்போர் எத்தனை பேர் என்பதை இத்தனை கவனமாக எண்ணியவர் யார்?

பாசத்தை நாம் இகழவில்லை. ஆனால் பாசம் படுக்கைப்புண்ணைத் தடுக்காது. அசைய இயலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்துதல், விழுங்க இடர்ப்படுபவரை நிமிர்த்தியிருத்திச் சிறிது சிறிதாக ஊட்டுதல், சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகப் பேணுதல் ஆகியன கற்றுத்தேற வேண்டிய தொழில். நாமோ அதனை மகளின், மருமகளின் பிறவிக் குணமெனக் கொண்டு, பயிற்சியும் ஓய்வுமின்றி அவள் தலையிற் சுமத்திவிட்டோம். (‘பிள்ளைகளின் கடன்’ பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுவது கவனிக்கத்தக்கது.) அவளும் பிழைப்புக்காக மத்திய கிழக்கு சென்றால், அயல்வீட்டுப் பெண்ணொருத்தி கூலிக்கு வருவாள். அவளுக்கும் கற்பிப்பாரில்லை, அவள் செய்வதைப் பார்வையிடுவாரும் இல்லை.

வசதியற்ற நாடு என்ற சாட்டு இங்குச் செல்லாது. 1926 இற் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு மருத்துவமாதர் வீடுவீடாகச் சென்று தாய் சேய் மரணத்தைக் குறைத்த பெருமை நமக்குண்டு. அந்த அரசு தொட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது; அதே வீட்டின் பின்னறையிற் கிடக்கும் பாட்டியை எட்டிப் பார்ப்பது அரிது. தமிழ்நாட்டிலே 2021 ஆகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையோடு வலிதணிப்புச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது.

எனினும் வாசலுக்கு ஆள் வந்ததே போதுமென அமைதலும் தவறு. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம், வீட்டுப் பராமரிப்பாளரின் வருகை பொதுவாக அரை மணித்தியாலத்துக்குக் குறையலாகாது என 2015 இல் வழிகாட்ட நேர்ந்தது, அவசர அவசரமாக வந்து மீளும் வழக்கம் அங்கு பெருகியதனாலேயே.

ஆதலின் நாம் கேட்பது இரக்கமன்று. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் வீட்டிற் படுக்கையிலிருப்போரின் பதிவேடு வேண்டும். பயின்று ஊதியம் பெறும் பராமரிப்பாளர் வேண்டும். அவர் பணியை நோயாளியிடமே கேட்டறியும் மேற்பார்வை வேண்டும். இரவு பகலாக விழித்திருக்கும் மகளுக்கு மாதத்திற் சில நாளாவது மாற்றாள் வேண்டும்.