ஆட்டோ கொஞ்சம் காத்திருக்கட்டும்



போன கோடையில் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கால் விரலில் புண். சர்க்கரை ஏறிக் கிடந்ததால் ஆறவே இல்லை. திருச்சியில் ஆபரேஷன் செய்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே, புதிதாக இன்சுலின்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சர்க்கரை 380. அளவு சரி, நேரம் சரி. பிறகு ஏன்? சித்தி ஃப்ரீசரைத் திறந்தார். ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில், கல்லாக உறைந்து நின்றது இன்சுலின் பாட்டில். வேளாவேளைக்கு வெளியே எடுத்து, உருக வைத்துப் போட்டிருக்கிறார். ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலினை நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சிஸ்டர் சொல்லவில்லையா? சொன்னாராம். "ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம்" என்று தெளிவாகவே. கேட்டுக்கொண்டது சித்தி மகன். காதில் போன், கையில் பில், வாசலில் ஆட்டோ. வீட்டில் வந்து, "ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமாம்மா" என்பதோடு முடித்துவிட்டான். கத்திரி வெயிலுக்கு ஃப்ரீசர்தான் பாதுகாப்பு என்று சித்தி நினைத்ததில் என்ன தப்பு?

நம் வீடுகளில் கேட்டுக்கொள்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். பில் கட்டுவது பிள்ளை. ஊசி போடுவதும், கட்டுப் பிரிப்பதும், உப்பைக் குறைத்துக் குழம்பு வைப்பதும் மனைவியோ மருமகளோ. டிஸ்சார்ஜ் அன்று அவர்கள் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

"நான் சொன்னதை நீங்க ஒருதரம் சொல்லுங்க பார்ப்போம்" என்று சில சிஸ்டர்கள் கேட்பதுண்டு. நமக்குச் சுருக்கென்று வரும். என்ன இது, பள்ளிக்கூடமா? இல்லை. பல நாடுகளில் செவிலியர் படிப்பில் சொல்லித் தரும் முறை இது. சோதிப்பது நம் புத்தியை அல்ல, தான் சொன்ன விதம் புரிந்ததா என்பதைத்தான். சித்தி மகனிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் ஃப்ரீசர் விஷயம் அங்கேயே வெளியே வந்திருக்கும்.

நாமும் கேட்க வேண்டும், அதுவும் நம் ஊர்க் கேள்விகளாக. "இன்சுலினை ரூம் டெம்பரேச்சரில் வைக்கலாம்" என்று தாளில் போட்டிருக்கிறது. நாற்பது டிகிரி அடிக்கும் திருச்சியில் எந்த ரூம்? ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண் பானைக்குள் தண்ணீர் படாமல் எப்படி வைப்பது? கேட்டால்தானே சொல்வார்கள்.

இன்னொன்று, ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மட்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு கோயில் பிராகாரத்துக் கல்லில் நடந்துவிட்டு வருவார், ராத்திரி பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்பளம். பெருமாளைச் சேவிக்க வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? காலையிலோ அந்தி சாய்ந்தோ போகலாம். படுக்கும் முன் உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். இதே கோயிலில் தன்வந்திரி சன்னதி இருக்கிறது. இங்கே ஆரோக்கியசாலை என்ற மருத்துவமனை நடந்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. இன்று, எப்போது நடக்கலாம், காலை எப்படிப் பார்க்கலாம் என்ற யோசனையைச் சொல்ல வேண்டியவர் வார்டு சிஸ்டர்தான்.

அவருக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு பக்கம் டிரிப்ஸ் முடிந்திருக்கும், மறுபக்கம் ஆபரேஷன் முடிந்து ஒருவர் வந்திறங்குவார், நடுவில் ரெஜிஸ்டர். தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததையும் பார்த்தோம். கூடுதல் சிஸ்டர்களைப் போடச் சொல்லி அரசிடமும் ஆஸ்பத்திரிகளிடமும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை, அவருக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தையாவது நாம் வீணாக்கலாமா?

மே 12 செவிலியர் தினம். வாட்ஸ்அப்பில் பூங்கொத்து அனுப்புவோம், தப்பில்லை. ஆனால் அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது டிஸ்சார்ஜ் என்றால், ஊசி போடப்போகிறவரை வார்டுக்கு அழைத்துப் போங்கள். சிஸ்டர் சொன்னதை அவர் வாயால் ஒருதரம் திருப்பிச் சொல்லட்டும். ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்டால், முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்