கரண்ட் போச்சா, எடுத்தாங்களா?

ஃபேன் நின்னதும் நம்ம வாயில முதல்ல வர்ற கேள்வி "எதிர்வீட்டுல இருக்கா?" என்பதுதான். அங்கேயும் இல்லைன்னா ஒரு அல்ப நிம்மதி. இருந்தா நம்ம வீட்டுல ஃப்யூஸ் போச்சு, இல்லைன்னா ஒரு ஃபேஸ் போச்சு. எதுவானாலும் "போச்சு"தான். கரண்ட் என்னவோ தானே செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்பிப் போன மாதிரி. யாரு அனுப்பினாங்கன்னு சொல்ல அந்த வாக்கியத்துல இடமே இல்லை.

பேப்பர்ல "நாளைய மின்தடை"ன்னு போடுவாங்க. பள்ளிக்கூட இயற்பியல்ல மின்தடைன்னா ரெசிஸ்டன்ஸ், ஓம்ல அளக்கிறது. அது போகட்டும். தடைன்னா ஏதோ குறுக்கே வந்து விழுந்துருக்கணும். மரம் சாய்ஞ்சு கம்பி அறுந்தா அது தடை. பராமரிப்புக்காக சொல்லிட்டு நிறுத்தினா அது நிறுத்தம். உற்பத்தி பத்தலைன்னு ஏரியா ஏரியாவா முறை வச்சு எடுத்தா அது வெட்டு. மூணும் வேற வேற.

வெட்டுறதே தப்புன்னு சொல்ல வரலை. தேவை உற்பத்தியைத் தாண்டினா கிரிட்டோட ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும். கண்டுக்காம விட்டா மொத்தமும் படுத்துடும். 2012 ஜூலை 30, 31 தேதிகள்ல வட இந்தியாவுல கிரிட் படுத்தப்போ, ரெண்டாவது நாள் மட்டும் பாதிக்கப்பட்ட மாநிலங்கள்ல 60 கோடிக்கு மேல ஜனங்க. அப்படி ஆகாம இருக்கத்தான் சில ஃபீடர்களை நிறுத்துறாங்க. அதுக்குப் பேரு லோட் ஷெட்டிங், அதாவது பாரம் இறக்குறது. இறக்கி வைக்கிற பாரம் நாமதான் :-)

ஆனா எந்த பாரத்தை இறக்குறதுன்னு யாரோ முடிவு பண்றாங்க இல்லையா? அதே 2012ல சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. மத்த மாவட்டங்கள் பலதுல 10 மணி நேரத்தையும் தாண்டிச்சு. சென்னைக்காரங்க "எப்போ போகும்?"னு கேட்டாங்க. கோவை, மதுரைப் பக்கம் "எப்போ வரும்?"னு கேட்டாங்க. ரெண்டையும் நாம ஒரே "பவர் கட்"டுல அடக்கிட்டோம்.

எங்க பொழப்புல சர்வர் படுத்துக்கிச்சுன்னா "போச்சு"ன்னு ஒரு வரியில கிளையண்ட்டுக்கு மெயில் போட முடியாது. தானா விழுந்துச்சா, நிறுத்தினீங்களா, ஏன், எப்போ வரும்னு குடைஞ்சு எடுத்துடுவாங்க. காசு கொடுக்கிறவன் கேக்கத்தான் செய்வான். கரண்ட் பில் கட்டுற நாம மட்டும் ஏன் "போச்சு"ன்னு சொல்லிட்டு விசிறியைத் தேடணும்?

அதனால அடுத்த தடவை பத்தாக்குறைக்காக எடுத்தா, கூச்சப்படாம "வெட்டிட்டாங்க"ன்னே சொல்லுவோம். வெட்டுன்னா வெட்டினவர் ஒருத்தர் உண்டு. "ஏன் எங்க ஊரை மட்டும்?"னு அவரைத்தான் கேக்க முடியும்.

உங்க ஊர்ல இதுக்கு வேற வார்த்தை புழங்கினா சொல்லிட்டுப் போங்க மக்களே.