களிப்பாறையின் கையிருப்பு

காவிரிப் படுகையின் எரிவாயுவைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் வினவுகின்றனர். நம் சேலம், நாமக்கல் பக்கமும் தோண்டுவார்களோ என்பதே முதற் கேள்வி. நம் காலடியில் இருப்பவை சார்னோகைட், நைஸ் முதலிய கடினப் பாறைகள். கடும் வெப்பத்தில் உருவான அவற்றில் ஷேல் எரிவாயு கிடையாது. ஆயினும் மேட்டூரில் தேங்கும் காவிரியே டெல்டாவுக்கும் பாய்கிறது. அங்கு நடப்பது நமக்கு அந்நியமன்று.

டெல்டாவின் ஆழத்தில், ஆண்டிமடத்தின் பெயரால் வழங்கும் பாறை அடுக்கில், ஷேல் என்னும் களிப்பாறை உண்டு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் சேறு படிந்து இறுகியது அது. அதில் வாயு இருவகையில் தங்குகிறது. நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். சாயத் தொட்டியிலிருந்து எடுத்த நூலில் ஒரு பகுதிச் சாயம் நீரோடு நிற்கும், பிழிந்தால் வந்துவிடும். மற்றது இழையையே பற்றிக்கொள்ளும். அவ்வாறே வாயுவில் ஒரு பகுதி நுண்துளைகளில் கட்டற்று நிற்கிறது. மற்றது, சேற்றோடு புதைந்த உயிரினங்களின் மக்கிய எச்சத்தையும் களியையும் பற்றி நிற்கிறது. முன்னது விரைந்து வெளிவரும். பின்னது அழுத்தம் குறையக் குறைய மெல்லத்தான் வரும். ஆகவே ஷேல் கிணற்றின் வரவு ஓரிரு ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைகிறது. மேலும் மேலும் கிணறு தோண்ட நேர்கிறது, அதற்கு நிலமும் வேண்டியிருக்கிறது.

களியின் இனமும் முக்கியம். கரிசல் மண் நீர் பட்டால் உப்புவதை விவசாயி அறிவார். அவ்வினக் களி மிகுந்த பாறையில் நீரைச் செலுத்திப் பிளந்தால், உப்பிய களி பிளவை அடைத்துவிடும். வெங்கச்சங்கல்லின் இனமான துகள் மிகுந்த பாறையோ நொறுங்கிப் பிளந்து வழிவிடும். அமெரிக்காவில் ஒரு கிணற்றைப் பிளக்க 1 கோடி லிட்டருக்கு மேல் நீர் செலவாவது சாதாரணம்.

2013-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் காவிரிப் படுகையின் ஷேலில் 30 லட்சம் கோடி கன அடி வாயு இருக்கலாமென மதிப்பிட்டது; எடுக்கக்கூடியது 5 லட்சம் கோடி மட்டுமே. சங்கக் கணக்கைத் தணிக்கை செய்கையில் தவணை கடந்த கடனை ரொக்கக் கையிருப்பாக நாம் எழுத விடுவதில்லை. முதல் எண்ணை மட்டும் மேடையில் முழங்குவோரிடமும் அதே கண்டிப்பு வேண்டும்.

எரிவாயுவே கூடாதென்பதன்று நம் வாதம். சாயப்பட்டறைக்கும் எரிபொருள் தேவைதான். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் ஷேல் எரிவாயுத் திட்டங்களைப் புதிதாகத் தொடங்குவதை 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடுத்திருப்பதை வரவேற்கிறோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் அம்மண்டலத்தில் அடங்கும். ஆனால் சட்டத்துக்கு முன் தொடங்கிய வேலைகளை அது தொடவில்லை. மண்டலத்துக்கு வெளியிலும் அது செல்லாது. அங்கே எத்திட்டம் வந்தாலும், அப்பாறையில் களி எவ்வளவு, எந்த இனம், செலுத்தும் நீர் எங்கிருந்து வரும், அழுக்கேறித் திரும்பும் நீர் எங்கே போகும் என்பவற்றைத் தமிழில் எழுதி விவசாயச் சங்கங்களின் முன் முதலில் வைக்க வேண்டும். அக்கணக்கு வராதவரை எச்சங்கமும் இசைவுத் தீர்மானம் நிறைவேற்றலாகாது என்பதே நம் கருத்து.