வினா ஆறும் வாடகை மிதிவண்டியும்

கல்லூரி வளாகத்தில் மிதிவண்டிகளை வாடகைக்கு விடும் தொழில் ஒன்றைத் தொடங்க எண்ணிய மாணவர் சிலர், அதற்கு நல்லதொரு தமிழ்ப் பெயர் வேண்டுமென்று நம் துறைக்கு வந்தனர். வாயிலில் எடுத்து வகுப்பறைக் கட்டடத்தில் விடலாம். விடுதியில் எடுத்து நூலகத்தில் விடலாம். கைப்பேசியால் பூட்டைத் திறக்கலாம். கட்டணம் அரைமணிக் கணக்கு. பெயர் சொல்லுமுன், "வண்டி எடுக்கப் போகிறவர்களைக் கேட்டீர்களா?" என்றோம். பெருமிதத்தோடு ஒரு தாட்கட்டை நீட்டினர். அதில் வினாக்கள் இரண்டே: "எங்கள் திட்டம் பிடித்திருக்கிறதா?", "வண்டிகள் வந்தால் பயன்படுத்துவீர்களா?" ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் "ஆம்" என்றிருந்தது. அவர்கள் முகத்தில் மகிழ்ச்சி; நமக்கோ கவலை. ஏனெனில், முதலீட்டில் ஒரு பகுதி, அவர்களுள் ஒருவருடைய தாயாரின் வளையல்களை விற்று வரவேண்டியது என்பதைப் பேச்சினிடையே அறிந்தோம். அந்த வளையல்கள் ஒற்றைச் சொல்லான "ஆம்" என்பதை நம்பியல்லவா கையைவிட்டுக் கழலப் போகின்றன?

தமிழ்த் துறையினர் வணிகத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று சிலர் நகைக்கக்கூடும். வணிகம் நாம் அறியோம். வினாவை ஓரளவு அறிவோம். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினாவை ஆறாக வகுத்தார் நன்னூலார். மாணவர் வினாவுக்கு அறியாவினாவின் தோற்றம் இருந்தது. உள்ளத்தில் இருந்ததோ ஏவல் வினா. "எங்கள் திட்டம் நன்றாயிருக்கிறதா?" என்று ஆவலோடு முகம் பார்த்துக் கேட்பவன் எதையும் அறிய விரும்பவில்லை, "நன்று என்று சொல்" என ஏவுகிறான். எதிரில் நிற்பவன் வகுப்புத் தோழன். மறுக்க மனம் வருமா?

விடை எட்டனுள் இரண்டை ஈண்டு நினைத்துக்கொள்ளல் வேண்டும். "ஆடுவாயா?" என்பதற்குக் "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல்; "கால் வலித்தது" என்பது உற்றது உரைத்தல். தாட்கட்டில் இருந்தவை யாவும் இனி நிகழப்போவதைப் பற்றிய சொற்கள். எடுப்பேன், ஓட்டுவேன், கட்டணம் கட்டுவேன் என்று எதிர்காலத்தில் பேசுவதற்குக் காசு செலவில்லை. உற்றது உரைத்தலோ நடந்து முடிந்த ஒன்று. அதில் ஒருவன் தன் காலும் காசும் எங்கே போயின என்று சொல்லியாக வேண்டும். ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பார் 2013இல் எழுதிய 'தி மாம் டெஸ்ட்' என்னும் நூல் இன்று தொழில் தொடங்குவோர் கைகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. நம் திட்டம் நல்லதா என்று கேட்டால் பெற்ற தாயும் பொய் சொல்வாள். ஆகவே திட்டத்தைப் பற்றி வாய் திறவாமல், எதிரிலிருப்பவர் வாழ்வில் நடந்ததைக் கேள் என்பது அந்நூலின் சாரம். பவணந்தியாரைக் கற்ற மாணவனுக்கு இது புதிதாய்த் தோன்றாது.

நம்மவரிடம் இன்னொரு இடரும் உண்டு. முகத்துக்கு நேரே "இல்லை" என்பது நம் பண்பாட்டில் மரியாதைக் குறைவு. "பார்க்கலாம்" என்றால் பார்க்கப் போவதில்லை என்று பொருள். "இன்ஷா அல்லாஹ்" என்னும் திருச்சொல்லையே நம்மில் பலர் மறுப்பின் மென்மையான வடிவமாக ஆக்கிவிட்டோம். அச்சொல் அதற்காக அருளப்பட்டதன்று. ஆயினும், நேர்காணச் செல்பவன் இந்த வழக்கை அறியாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தால் பிழை அவனுடையதே.

எனவே மாணவரிடம் ஒரே ஒரு வினாவைக் கொடுத்தனுப்பினோம். தமிழக அரசு பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. நம் மாணவருள் பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்து வந்தவர்களே. "உனக்குக் கிடைத்த வண்டி இப்போது எங்கே இருக்கிறது?" இவ்வளவே வினா. திட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லலாகாது என்று கண்டிப்பாய்க் கூறினோம்.

வந்த விடைகள் நம்மையும் வியப்பில் ஆழ்த்தின. ஒருவன் வண்டி தம்பியிடம். ஒருவன் வண்டியில் அவன் அத்தா சந்தைக்குப் போகிறார். ஒருவன் விடுதிக்கே கொண்டுவந்திருந்தான். நிழலின்றி வெயிலில் நின்று டயர் வெடித்தது. எவரோ காற்றைப் பிடுங்கிவிட்டனர். பஞ்சர் ஒட்டுவதற்கு நெடுந்தொலைவு தள்ளிச் செல்ல வேண்டியிருந்தது. சலித்துப்போய் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். இவனொத்தவர் பலர். வண்டி இல்லாமை இவர்தம் குறையன்று. வண்டியை வைத்துக் காக்க இடமின்மையே குறை. ஒரு கொட்டகையும், காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் கைகளும் இருந்தால் இவர்கள் வாடகை வண்டியை நாடவே மாட்டார்கள். வளையல்களை விற்குமுன் இது தெரிந்தது நன்றன்றோ!

மாணவியர் ஒருவரையும் இவர்கள் கேட்டிருக்கவில்லை. "அவர்கள் ஓட்ட மாட்டார்கள், ஐயா" என்றனர். யார் சொன்னது? 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பர்தா சங்கிலியில் சிக்குமா, குறுக்குக் கம்பி இல்லாத வண்டி வேண்டுமா, மாலையில் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பவற்றை அவர்களே சொல்லக்கூடும். கேட்பதற்கு முன்பே விடையை எழுதிக்கொள்வது அறியாமையைவிடக் கேடானது.

கேட்கத் தக்கவர் பட்டியலில் வாயிற்காவலரையும் சேர்க்கச் சொன்னோம். எந்த வேளையில் கூட்டம் எத்திசையில் நகர்கிறது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் வண்டிகள் அனைத்தும் பள்ளிவாசல் முன் குவிந்துவிடும். நூலகத்தில் ஒன்றும் இராது. பெருநகரங்களையே இத்தொல்லை வாட்டியது. 2007இல் தொடங்கிய பாரிஸ் நகரத்து 'வெலிப்' திட்டத்தில், மேட்டுப் பகுதியிலிருந்து மக்கள் வண்டியில் இறங்கிவந்தனர். மேலே ஏற்றிச் செல்ல விரும்பவில்லை. மேட்டு நிலையத்தில் வண்டியை விடுவோர்க்குக் கூடுதல் நிமிடங்களைப் பரிசாய்த் தரவேண்டியதாயிற்று.

முன்பணத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 'ஓஃபோ' என்னும் நிறுவனம் 2014இல் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவரால் தொடங்கப்பெற்று, வளாக மிதிவண்டிப் பகிர்வால் பெயர் பெற்று, உலக நகரங்கள் பலவற்றில் பரவியது. கோவைத் தெருக்களிலும் ஓடி, 2018ஆம் ஆண்டிலேயே இந்தியாவை விட்டு அகன்றது. அவ்வாண்டின் இறுதியில் சீனாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தம் வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்டுக் காத்திருந்தனர். பிறர் தந்த வைப்புத் தொகை அமானிதம். அதைப் புது வண்டி வாங்கும் முதலாகக் கருதத் தொடங்கிய நாளிலேயே வணிகம் தடம் மாறிவிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகம் செய்த இளமையிலேயே 'அல்அமீன்' எனப் பெயர் பெற்றதை நம் மாணவர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

நம் இளமையில் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் முன்பணம் கேட்டதில்லை, "யார் மகன்?" என்று கேட்டார். பழைய நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டார். அவருடைய வினா ஒன்றே. அதற்கு ஒருவனும் பொய் சொன்னதில்லை.

மாணவர் மீண்டும் சென்றிருக்கின்றனர், இம்முறை மகளிர் விடுதிக்கும் பஞ்சர் ஒட்டுபவரிடமும். கொட்டகைக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒருவன் தனியே கணக்கிட்டுக் கொண்டிருப்பதாகக் கேள்வி. வளையல்கள் இன்னும் தாயார் கையிலேயே இருக்கின்றன. பெயர் கேட்டு இதுவரை எவரும் வரவில்லை. நாமும் வைத்துக் கொடுக்கவில்லை.