சாரம் சரிந்தால் யார் தலையில் விழும்? வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டிய சங்கதி!

"சாரம் சரிந்து கொத்தனார் பலி!"

இந்தத் தலைப்பு நமக்குப் புதுசு அல்ல. நாலு வரிச் செய்தி. படித்து விட்டு பஸ் ஏறி விடுவோம்.

2014 ஜூன் 28-ந் தேதி மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் மாண்டபோது ஊரே திரண்டது. ஆனால், தெருக்கோடி வீட்டில் பூச்சு வேலை பார்த்த ஒரு ஆள் விழுந்தால் கேட்க நாதி இல்லை.

போலீஸ் விசாரணையில் நடக்கிற கூத்தைப் பாருங்கள்.

"காண்டிராக்டர்கிட்டே விட்டுட்டேன் சார்" என்பார் வீட்டுக்காரர்.

"சாரம் கட்டினது மேஸ்திரி" என்பார் காண்டிராக்டர்.

"அவன் பார்த்து ஏறியிருக்கணும்" என்பார் மேஸ்திரி.

கடைசியில் பழி, செத்தவன் தலையில்!

சலுகை எது வரை?

1996-ம் ஆண்டு கட்டிடத் தொழிலாளர் சட்டம், 10 பேருக்குக் குறைவான வேலைக்கும், 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் சொந்த வீட்டுக்கும் விலக்கு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து விட்டது. அதிலும் சின்ன வேலைகளுக்கு விலக்கு உண்டு.

இதனால் சின்ன வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவது இல்லை. "நமக்கு ஏது சட்டம்?" என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் தப்பு!

விலக்கு எல்லாம் தொழிலாளர் சட்டத்தோடு சரி. போலீஸ் வழக்குக்கு விலக்கே கிடையாது. கவனக்குறைவால் உயிர் போனால் முன்பு 2 ஆண்டு வரை ஜெயில். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் அது 5 ஆண்டு வரை, அபராதமும் உண்டு.

சாரத்தைக் கட்டியது யார், ஆளை ஏற்றியது யார், ஆபத்து தெரிந்தும் விரட்டியது யார் என்றுதான் கோர்ட்டு பார்க்கும். வீட்டுக்காரரே "இன்னிக்கே முடிச்சாகணும்" என்று இற்றுப் போன சாரத்தில் ஏற்றினால், அவரும் தப்ப முடியாது.

குடித்திருந்தாலும் நஷ்டஈடு!

நஷ்டஈடு தனி வழக்கு. வேலைக்கு அமர்த்தியவர் கொடுக்க வேண்டும். "அவன் குடிச்சிருந்தான், சொன்ன பேச்சு கேக்கலே" என்ற சாக்கு, சாவு விஷயத்தில் செல்லாது. நீங்களே நேரடியாகக் கூலிக்கு ஆள் வைத்தால், முதலாளி நீங்கள்தானே என்ற கேள்வி வரும்.

ஏன் சரிகிறது?

மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த கயிறு இற்று விடும். புது மண்ணில் ஊன்றிய சவுக்குக் கம்பு, ஈரம் பட்டதும் இறங்கும். முனை கட்டாத பலகை, ஓரத்தில் கால் வைத்ததும் மறுபக்கம் தூக்கிக் கொள்ளும். ஒரே பக்கம் செங்கல்லைக் குவித்தால் கேட்கவே வேண்டாம்.

என்ன செய்யலாம்?

சாரத்துக்குப் பொறுப்பு யார் என்று ஒப்பந்தத்தில் பேர் போட்டு எழுதுங்கள். தொழிலாளருக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று காண்டிராக்டரிடம் கேளுங்கள். ஆட்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று விசாரியுங்கள். தினமும் காலையிலும், மழை விட்ட பிறகும் சாரத்தைப் பார்த்த பிறகே ஆளை ஏற்றச் சொல்லுங்கள்.

நாள், நட்சத்திரம் பார்த்து நிலை வைக்கிறோம். சாரத்துக் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்?