தச்சர் மகன் கட்டிய சிற்றாலயம்

ஆலயம் கட்ட நன்கொடை அளித்தோரின் பெயர்களைப் பளிங்குக் கல்லில் பொறித்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கல் உடைத்தவர், மண் சுமந்தவர், சாரம் கட்டியவர் ஆகியோரின் பெயர்களை அக்கற்களில் நாம் கண்டதில்லை. பணம் கொடுத்த குடும்பத்தாரே நண்பரோடும் ஊராரோடும் சேர்ந்து நின்று, கலவை குத்திச் சுவர் எழுப்பிய ஓர் ஆலயத்தைப்பற்றி இம்மாதம் எழுதுகிறோம்.

ஜெர்மனி நாட்டில், கொலோன் நகருக்குத் தென்மேற்கே, ஐஃபெல் என்னும் மேட்டு நிலப் பகுதி பரந்து கிடக்கிறது. அங்கே வாகன்டோர்ஃப் என்னும் சிற்றூரின் புறத்தே, கோதுமை விளையும் வயல்களின் நடுவில், 12 மீட்டர் உயரமுள்ள ஒரு தூண்போன்ற கட்டடம் தனித்து நிற்கிறது. கோபுரம் இல்லை, சன்னல் இல்லை. தொலைவிலிருந்து பார்ப்பவர் தானியக் களஞ்சியம் என்றே எண்ணுவர். அருகே சென்றால் முக்கோண வடிவான இரும்புக் கதவு ஒன்றும், அதன்மேல் ஒரு சிலுவையும் தெரியும். 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் அபிஷேகம் செய்யப்பட்ட 'சகோதரர் கிளவுஸ் சிற்றாலயம்' இதுவே.

அவ்வூரில் பயிர்த்தொழில் செய்துவந்த ஒரு கணவரும் மனைவியும், இறைவன் தங்களுக்கு அளித்த நல்வாழ்வுக்கு நன்றியாகத் தங்கள் சொந்த நிலத்தில் ஒரு செபக்கூடம் அமைக்க விரும்பினர். கத்தோலிக்கக் கிராம மக்கள் இயக்கத்தில் ஈடுபாடுள்ள அவர்கள், அவ்வியக்கத்தின் பாதுகாவலராகிய புனித நிக்கொலாசுக்கே அதை அர்ப்பணிக்க எண்ணினர்.

இப்புனிதரை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார். சுவிட்சர்லாந்து நாட்டில் 1417-இல் பிறந்தவர், உழவர், போர்வீரராகவும், ஊர் மன்றத்தினராகவும், நீதிபதியாகவும் பணியாற்றியவர். தொரொத்தேயா என்னும் பெண்மணியை மணந்து பத்து மக்களுக்குத் தந்தையானார். 1467-இல், தம் ஐம்பதாம் வயதில், மனைவியின் சம்மதத்தோடு இல்லம் துறந்து, வீட்டிற்கு அருகிலேயே இருந்த ரான்ஃப்ட் என்னும் பள்ளத்தாக்கில் தனிமைத் தவம் மேற்கொண்டார். அவருக்கு அங்கே குடிலும் சிற்றாலயமும் கட்டிக் கொடுத்தவர்கள் அப்பகுதி மக்களே. இருபது ஆண்டுகள் நற்கருணை ஒன்றையே உணவாகக் கொண்டு அவர் வாழ்ந்தார் என்பது அக்காலத்தவர் சான்று. 1481-இல் சுவிஸ் மாநிலங்கள் தமக்குள் போர் தொடுக்கும் நிலைக்கு வந்தபோது, இத்தவசியின் அறிவுரையே அவர்களைச் சமாதானப்படுத்தியது. 1487 மார்ச் 21-இல் இறையடி சேர்ந்தார். பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 'சகோதரர் கிளவுஸ்' என்றே இன்றும் மக்கள் அவரை உரிமையோடு அழைக்கின்றனர்.

இக்குடும்பத்தார் 1998-இல் பீட்டர் சும்டோர் என்னும் சுவிஸ் நாட்டுக் கட்டடக் கலைஞருக்குக் கடிதம் எழுதினர். அப்போதே அவர் புகழ் பெற்றவர். கொலோன் உயர்மறைமாவட்டத்தின் அருங்காட்சியகத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்றிருந்தவர். ஓர் உழவர் குடும்பம் இத்தகையவரை அணுகியது துணிச்சல் என்றே சொல்லவேண்டும். ஆனால் சகோதரர் கிளவுஸ், சும்டோருடைய அன்னைக்கு மிகவும் விருப்பமான புனிதர். கலைஞர் இசைந்தார்.

சும்டோர் 1943-இல் பாசல் நகரில் பிறந்தவர். தச்சர் ஒருவரின் மகன். மேசை, நாற்காலி, பேழை முதலியவற்றை இழைத்துச் செய்யும் தந்தையின் தொழிலையே முதலில் கற்றார். பின்னரே பாசலிலும் நியூயார்க்கிலும் வடிவமைப்புக் கலை பயின்றார். ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த கிரவுபுண்டன் மாநிலத்தில் பழங்கட்டடங்களைப் பேணும் அரசுப் பணியில் சுமார் பத்தாண்டுகள் இருந்தார். அக்காலத்தில் பெயர் தெரியாத கொத்தர்களும் தச்சர்களும் கட்டிய பண்ணை வீடுகளை அவர் நுணுகிப் பார்த்தார். எந்த மரம் எந்தப் பக்கத்து வெயிலுக்கு எப்படிக் கறுக்கும், எந்த இணைப்பு நூறாண்டு நிற்கும் என்பதை அவர் கற்ற இடங்களுள் இவ்வீடுகளும் அடங்கும் என்று நாம் கருதுகிறோம்.

1979-இல் ஹால்டென்ஸ்டைன் என்னும் கிராமத்தில் தம் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். ஆம், அதை அலுவலகம் என்பதைவிடப் பட்டறை என்பதே பொருந்தும். மாநகரில் மாடிகள் எடுத்து நூற்றுக்கணக்கானோரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆசை அவருக்கு இருக்கவில்லை. சிறு குழு, குறைந்த வேலைகள், வந்த அழைப்புகளுள் மறுத்தவையே மிகுதி. மரம், கல், கான்கிரீட், மெழுகு ஆகியவற்றால் பெரிய மாதிரி வடிவங்களைக் கையால் செய்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, மனநிறைவு தராதவற்றைக் களைந்து, மீண்டும் செய்வது அங்குள்ள முறை. வரைபடத் தாளில் அழகாகத் தோன்றும் சுவர், கை வைத்துத் தடவும்போது எப்படியிருக்கும், அதன்மேல் காலடி ஓசை எப்படி எதிரொலிக்கும் என்பனவெல்லாம் அங்கே முன்கூட்டியே ஆராயப்படும். வால்ஸ் என்னும் மலைக்கிராமத்தில் 1996-இல் அவர் கட்டி முடித்த வெந்நீர்க் குளியல் மண்டபத்திற்கு, அவ்வூர்ப் பாறையிலிருந்தே வெட்டிய ஏறக்குறைய 60,000 கற்பாளங்கள் அடுக்கப்பட்டன. 2009-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு அவரைத் தேடி அக்கிராமத்திற்கே வந்தது.

இனி, வயல் நடுவே சிற்றாலயம் எழுந்த விதத்தைப் பார்ப்போம். முதலில் காட்டிலிருந்து 112 ஊசியிலை மரங்கள் வெட்டிக் கொணரப்பட்டன. அவற்றைக் கூடாரம் அமைப்பதுபோலச் சாய்வாக, உச்சியில் ஒன்றையொன்று நெருங்குமாறு நிறுத்தினர். அக்கூடாரத்தைச் சுற்றி வெளிப்புறம் ஐந்து பக்கங்கள் உள்ளதாகப் பலகை அடைத்தனர். இடைவெளியில் ஆற்றுச் சரளையும், செம்மஞ்சள் நிற மணலும், வெள்ளைச் சிமெண்டும் கலந்த கலவையைக் கொட்டி, நம் ஊர்களில் திமிசுக் கட்டை கொண்டு தரையை இறுக்குவதுபோலக் குத்தி இறுக்கினர். ஒரு நாளைக்கு ஒரு படை. ஒவ்வொரு படையும் அரை மீட்டர் உயரம். இவ்வாறு 24 நாள் வேலையில் 24 படைகள் எழும்பின. உழவர் குடும்பத்தாரும், அவர்களுடைய நண்பர்களும், அப்பகுதிக் கைவினைஞர்களும் இந்த வேலையைச் செய்தனர். பயிர் வேலைக்கு இடையே கிடைத்த நாள்களில் செய்ததால் வேலை நீண்டது. இன்றும் சுவரில் 24 வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு நாள் உழைப்பு. வரிகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அவற்றைப் பூசி மறைக்க எவரும் நினைக்கவில்லை.

சுவர் எழும்பிவிட்டது, உள்ளே மரங்கள் நிற்கின்றனவே, அவற்றை என் செய்வது? நம் நாட்டில் கருவேல மரத்தை அடுக்கி, மண் மூடி, கரிமூட்டம் போடுவதைப் பலர் பார்த்திருப்பர். தீ கொழுந்துவிடாமல், புகைந்து புகைந்து மரத்தைக் காய்ச்சிக் கரியாக்கும் முறை அது. ஐஃபெல் பகுதியிலும் கரி சுடுவது பழைய தொழில்தான். 2006-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அதுபோன்ற புகைநெருப்பு ஒன்று அக்கூடாரத்தினுள் மூட்டப்பட்டு மூன்று வாரங்கள் அணையாமல் காக்கப்பட்டது. மரங்கள் உலர்ந்து சுருங்கிச் சுவரைவிட்டு விலகின. பின்னர் எளிதாக வெளியே எடுக்கப்பட்டன. 112 மரங்களின் வடிவமும் சுவரின் உட்புறத்தில் குழிந்த பள்ளங்களாகப் பதிந்துவிட்டன. புகைக்கரி படிந்து சுவர் முழுவதும் கருமையாயிற்று. பல மாதங்கள்வரை உள்ளே புகை மணம் வீசியதாம்.

தரை ஈயத்தால் ஆனது. கட்டட இடத்திலேயே உலையில் ஈயத்தை உருக்கி, அகப்பையால் முகந்து, கையால் தரையில் ஊற்றினர். பலகைகளை இணைத்துப் பிடிக்கச் செருகிய கம்பிகளால் சுவரில் உண்டான ஏறக்குறைய 350 துளைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சாதாரணமாக அவற்றைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடுவார்கள். இங்கே, வாயால் ஊதிச் செய்த கண்ணாடிக் குமிழ்களை அவற்றில் பொருத்தினர். பகல் வெளிச்சம் அவற்றின் வழியே நுழைந்து, கரிய சுவரில் விண்மீன்களாக மின்னுகிறது. சகோதரர் கிளவுஸ் தாயின் வயிற்றில் இருந்தபோதே வானில் ஒரு விண்மீனைக் கண்டதாக அவர் வரலாறு கூறும். கட்டட வேலையின் எச்சமாகிய துளை ஒன்று இவ்வாறு செபத்தின் பகுதியாவதைப் படம் வரைபவர் மட்டும் எண்ணியிருக்க முடியாது. பலகை அடைக்கும் வேலையை அறிந்த கைக்கே அது தோன்றும் என்பது நம் கருத்து.

கூரை இல்லை. உச்சியில் துளிபோன்ற திறப்பு ஒன்று வானை நோக்கி விரிகிறது. மழை பெய்தால் நீர் உள்ளே விழும். ஈயத் தரையில் தேங்கும். பனிக்காலத்தில் பனியும் விழும். ஒரு சிறு பெஞ்சு, மெழுகுதிரி ஏற்றும் இடம், ஹான்ஸ் யோசெப்சோன் என்னும் சிற்பி செய்த வெண்கல உருவம், புனிதரின் தியானச் சின்னமாகிய சக்கரம் ஆகியவையே உள்ளே இருப்பவை. மின்விளக்கும் கிடையாது.

நம் பங்கு மக்கள் இதை ஏற்பார்களா? ஏற்கமாட்டார்கள் என்றே நினைக்கிறோம். அதில் தவறும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் கூடித் திருப்பலி காணும் பங்கு ஆலயத்திற்கு மழை ஒழுகும் கூரை ஆகாது. முதியோர் வழுக்கி விழுவர். இது ஓரிருவர் வந்து அமைதியாக செபிக்கும் இடம். எனவே யாரும் இவ்வடிவத்தை நகல் எடுக்கவேண்டியதில்லை. நாம் வியப்பது வேறொன்றை. ஆலய வேலை தொடங்கினால், வரி கொடுப்பதோடு பங்கு மக்களின் பங்கு முடிந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரர் வருகிறார், திறப்பு விழாவுக்கு நாம் போகிறோம். கையால் செய்யத்தக்க வேலையை மக்களிடமே விட்டுவைக்கும்படி ஒரு கட்டடத்தைத் திட்டமிட முடியும் என்பதை இத்தச்சர் மகன் காட்டியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற ஒருவர், உழவரால் இயலாத எதையும் அந்தச் சுவரில் வைக்கவில்லை.

அவர் இதற்குமுன் கட்டிய இன்னொரு சிற்றாலயத்தையும் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்தில் சும்விட்க் என்னும் மலையூரின் அருகே புனித ஆசீர்வாதப்பர் பெயரால் பழமையான சிற்றாலயம் ஒன்று இருந்தது. 1984-இல் பனிச்சரிவு அதை அழித்துவிட்டது. அருகில் புதிதாக அமைத்த வாகன நிறுத்துமிடம் சரிவுப் பலகைபோலாகி, பனியை ஆலயத்தின்மீது தள்ளிவிட்டதாம்! புதிய சிற்றாலயத்தைக் காடு காக்கும் உயர்ந்த இடத்தில், முழுவதும் மரத்தாலேயே சும்டோர் அமைத்தார். ஊர் நிர்வாகத்தினருக்கு அவருடைய திட்டம் பிடிக்கவில்லை. அனுமதி கொடுத்தார்கள், ஆனால் 'மனநிறைவின்றி' என்று தங்கள் ரோமாஞ்சு மொழியில் எழுதிக் கொடுத்தார்கள். டிசென்டிஸ் மடத்து அதிபரும், துறவிகளும், அப்போதைய பங்குத் தந்தையும், பின்வரும் தலைமுறைக்காகப் புதியதாய் ஒன்று வேண்டும் என்று உறுதியாக நின்றதால் வேலை நடந்தது. 1988-இல் திறக்கப்பட்ட அவ்வாலயம் இலை வடிவானது. உள்ளே 37 மரத்தூண்கள் சுவரைத் தொடாமல் சற்று விலகி நின்று கூரையைத் தாங்குகின்றன. வெளிச்சுவரை மீன் செதிள்போல மூடியுள்ள லார்ச் மரச்சில்லுகள் வெயில் படும் பக்கம் கறுத்தும், நிழல் பக்கம் வெள்ளிபோல் வெளுத்தும் முதிர்ந்துள்ளன. அத்தொழிலறிவு முன்பு சொன்ன பழைய பண்ணை வீடுகளுக்கும் உரியது.

இம்முறையில் இடர் இல்லாமலில்லை. காலமும் பணமும் மிகுதியாகக் கேட்கும். பெர்லின் நகரில், நாசி கொடுமைகளை நினைவுகூரும் கட்டடத்திற்கு 1993-இல் சும்டோரின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. செலவு ஏறிக்கொண்டே போனதால் வேலை நின்றது. எழும்பியிருந்த படிக்கட்டுக் கோபுரங்களையும் 2004-இல் இடித்துவிட்டார்கள். அரசு ஒன்றால் முடிக்க இயலாது போயிற்று; மறுபுறம், ஓர் உழவர் குடும்பம் கடிதம் எழுதிய நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள் பொறுத்திருந்து, தங்கள் ஆலயத்தை முடித்தது. இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஜெர்மனிக்குச் செல்லும் நம் குருக்களும், கன்னியரும், அங்கே பணிபுரியும் நம் பிள்ளைகளும் வாகன்டோர்ஃபுக்குப் போகலாம். ஊரில் இறங்கி வயல் வழியே சிறிது தூரம் நடக்கவேண்டும். கொலோன் நகரின் அருங்காட்சியகமும் 2007-லேயே திறக்கப்பட்டது. போரில் குண்டு வீச்சால் அழிந்த புனித கொலும்பா ஆலயத்தின் இடிபாடுகளின்மேல், அவற்றை அகற்றாமலே, டென்மார்க்கில் சுட்ட நீண்ட மெல்லிய செங்கற்களைக் கொண்டு அது எழுப்பப்பட்டுள்ளது. இடிபாடுகளிடையே தப்பி நின்ற தேவ அன்னையின் சுரூபத்திற்காக 1950-இல் கட்டிய சிற்றாலயமும் அதனுள்ளேயே இருக்கிறது. சகோதரர் கிளவுசின் திருநாளை ஜெர்மானியரும் சுவிட்சர்லாந்து மக்களும் செப்டம்பர் 25-இல் கொண்டாடுகின்றனர்.